சிக்கிஹோருக்குப் பத்துப் பேர்

பத்துப் பேர் சேர்ந்தால் பாதி விலை. ஒன்பது பேர் என்றால் முழு விலை. பெர்லிதாவின் கையில் பாதி விலைக்குத்தான் பணம் இருந்தது. கண்ணில் இன்னும் ஒரு வருஷத்துக்குத்தான் வெளிச்சம் இருந்தது.

முதல் விஷயம் தூமகெத்தே ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது விஷயம் அவளுக்கும் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. கடல் நீச்சலை முடித்துக்கொண்டு 'ஈரச் செருப்பு' கிளப்பார் சந்தைக்குள் புகுந்து பெஞ்சுகளை ஆக்கிரமித்திருந்தார்கள். வாழையிலையில் சுருட்டி வேகவைத்த புத்புத் என்ற அரிசிப் பலகாரமும் சூடான சாக்லேட்டும் வந்தன. எல்லோர் தலையிலும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் கிளப்பே சேர்ந்து ஒரே டிரையத்லானுக்குப் போறோம். எதுன்னு இப்ப முடிவு பண்ணிடுவோம்" என்றார் ருஃபினோ மனோங். கடலோரக் காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் கேப்டன். ஊரே அவரை மனோங் என்றுதான் கூப்பிடும். அண்ணன் முறை.

டெல்ஃபின் முந்திக்கொண்டான். வக்கீல் ஆபீஸில் வேலை. அவன் சைக்கிளை விற்றால் மற்ற மூன்று பேர் மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம்.

"போனா பெரிய ரேஸுக்குப் போகணும் மனோங். வெளிநாட்டுக் கம்பெனி நடத்துறது. உலகம் பூரா மதிப்பு. தோள் பை தர்றான், தொப்பி தர்றான்..."

"ஃபீஸ் எவ்வளவு?" என்றாள் குளோரிபெல்.

"டாலர்ல போட்டிருக்கான்."

"அப்ப டாலர்ல சம்பாதிக்கிறவன் போகட்டும். ஒரு தொப்பிக்காக நான் எத்தனை தலைக்கு முடி வெட்டணும் தெரியுமா? இந்த ஊர்ல அவ்வளவு தலையே கிடையாதுடா!"

பெஞ்சு குலுங்கியது. குளோரிபெல் சந்தைக்குப் பின்னால் சலூன் வைத்திருப்பவள். கத்தரிக்கோலும் வாயும் ஒன்றாக ஓடும்.

யாரோ மலேசியா என்றார்கள். விமானத்தில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்ததும் அதுவும் விழுந்தது. "சைக்கிள் ஜன்னலோரமா உக்காந்து வரும், நாம நின்னுக்கிட்டே போவோம்" என்றாள் குளோரிபெல்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பெர்லிதா காத்திருந்தாள்.

"சிக்கிஹோர்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எதிர்லயே இருக்கிற தீவு. ஒரு படகு. ராத்திரி பள்ளிக்கூடத்துல படுத்துக்கலாம். ஃபீஸ் நம்ம பெசோவுல. ஒரே கிளப்புல பத்துப் பேர் சேர்ந்து பேர் குடுத்தா அதுலயும் பாதி."

"மழைக்காலத்துல வைக்கிறான் இந்தாய். அதனாலதான் சல்லிசு" என்றார் ருஃபினோ. இளைய பெண்களை அவர் இந்தாய் என்பார், தங்கச்சி முறை.

"பதக்கம் தேங்காய் ஓட்டுல செஞ்சதாம்" என்று டெல்ஃபின் மூக்கைச் சுளித்தான்.

"அடியே, அது முழுத் தூரம்டி!" குளோரிபெல் நெஞ்சில் கை வைத்தாள். "கடல்ல நாலு கிலோமீட்டர், சைக்கிள்ல நூத்தி எண்பது, அப்புறம் ஒரு முழு மாரத்தான். அவ்வளவு தூரம் நான் பஸ்ல போனாலே வாந்தி எடுப்பேன்."

பெர்லிதாவும் சிரித்தாள். சிரித்தபடியே சாக்லேட் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். கை வெறும் மேஜையைத்தான் தொட்டது. தலையை நன்றாகத் திருப்பி, கோப்பையைப் பார்வைக்குள் கொண்டுவந்து, பிறகுதான் எடுத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னது எளிய விஷயம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. அடுத்த வருஷம் அந்தக் குழாயும் இருக்காது. மருந்து கிடையாது.

"சைக்கிளை இன்னிக்கே விட்டுடுங்க" என்றும் சொன்னார்.

பெர்லிதா தலையாட்டிவிட்டு வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் அவள். மருந்து கிடையாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போதே அவள் மனதில் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ஆறு வருஷமாகச் சின்னச் சின்னப் போட்டிகளில் ஓடியாகிவிட்டது. முழுத் தூரம் ஒன்று பாக்கி. விடியும்போது கடலில் இறங்கி, வெயில் முழுவதையும் ரோட்டில் கழித்து, இருட்டும்போது வந்து சேர வேண்டும். ஒரு முழுப் பகல். அதை இந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் விளக்கை யார் அணைத்தால் என்ன.

அவள் முழுத் தூரத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்னப் போட்டிகளில் சைக்கிள்கள் மந்தையாக இடித்துக்கொண்டு போகும். முழுத் தூரத்தில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போகக் கூடாது. இடைவெளி விடாதவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் பக்கத்தில் ஆளே இருக்காது. நேரே ரோடு மட்டும்தான். நேரே பார்ப்பதற்கு அவளிடம் இன்னும் கண் இருந்தது.

முந்திப் போகிறவர்கள் பக்கவாட்டில்தானே வருவார்கள்? அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆள் பிடிக்கும் வேலை தொடங்கியது.

ஒருத்தரிடம் படகுச் செலவைச் சொன்னாள். இன்னொருத்தரிடம் மழைக்காலத்தில் வெயில் அடிக்காது, ஓட்டத்துக்கு நல்லது என்றாள். மருந்துக்கடைக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியாரை இருமல் மருந்தோடு சேர்த்து மடக்கினாள். ருஃபினோவே பேர் கொடுத்தார். அவளையும் சேர்த்து ஒன்பது.

டெல்ஃபின் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மிச்சம் இருந்தது குளோரிபெல்தான்.

சலூனுக்குப் போனாள். குளோரிபெல் ஒரு கிழவரின் தலையைப் பிடித்து ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். முடியாது."

"நீ நல்லா நீந்துற குளோரி."

"நீந்துவேன். ஓடுவேன்னுகூட வச்சுக்கோ. அந்த சைக்கிள் இருக்கே, அதுல காத்துக்கு எதிரா தனியா மிதிக்க என் ஜென்மத்துல முடியாது. நீ என்னைப் பழக்குறியா?"

"பழக்குறேன்."

"வாயால இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரிசையில நீ முன்னாடி போகணும், நான் உன் சக்கரத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வருவேன். மூணு மாசமா நீ வரிசைக்கே வர்றதில்ல. கேட்டா முழங்கால் வலி, முதுகு வலி, கடையில ஆள் இல்ல... என்னடி, எங்க மேல நாத்தம் அடிக்குதா?"

கிழவர் கண்ணாடி வழியாகப் பெர்லிதாவைப் பார்த்தார்.

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கத்தரிக்கோல் ஒரு நிமிஷம் நின்றிருக்கும். குளோரிபெல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அதன் பிறகு எந்த வரிசையிலும் அவளுக்கு இடம் இருந்திருக்காது. வரிசையில் ஒருத்தர் சக்கரத்துக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். முன்னால் போகிறவள் கை காட்டினால் பள்ளம், கையை ஆட்டினால் நாய். பின்னால் வருகிறவள் அந்தக் கையை நம்பித்தான் உயிரை வைத்திருக்கிறாள்.

"வர்றேன்" என்றாள் பெர்லிதா.

நான்கு ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்காக அவள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. வார நாட்களில் விடியற்காலையில் தனியாகப் போய், பாகோங்கிலிருந்து தாவின் வரைக்கும் ரோட்டை மனப்பாடம் செய்தாள். தேவாலயம் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு குழி. பாலத்துக்கு முன்னால் மணல். தென்னந்தோப்பு வளைவில் எப்போதும் ஒரு வெள்ளை நாய். ஞாயிற்றுக்கிழமை அந்தந்த இடத்தில் சரியாகக் கை காட்டினாள்.

"உனக்குக் கழுகுக் கண்ணுடி" என்றாள் குளோரிபெல் பின்னாலிருந்து. "நான் பார்க்கிறதுக்கு முன்னாடியே நீ கை காட்டிடுற."

நான்காவது ஞாயிறு முடிந்ததும் குளோரிபெல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தாள்.

"எழுதிக்கோங்க மனோங். என் பேரையும் எழுதிக்கோங்க. செத்தா சிக்கிஹோர்லயே புதைச்சிடுங்க, படகுச் செலவு மிச்சம்."

பத்து!

அந்த வாரம் முழுக்க ருஃபினோ எல்லோரிடமும் பணம் வாங்கினார். கேப்டனாக ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இவர் ரோட்டில் ஓட்டத் தகுதியானவர், நான் பொறுப்பு என்று. திங்கட்கிழமை எல்லாவற்றையும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அதற்கு முந்தைய நாள் ஐந்தாவது ஞாயிறு.

மழை விட்டு வெயில் அடித்த காலை. எட்டுப் பேர் கொண்ட வரிசை. பெர்லிதா முன்னால். அன்றைக்கு அவளுக்குப் பயமே இல்லை. ரோடு முழுவதும் மனதுக்குள் இருந்தது. தேவாலயம், குழி, கை காட்டினாள். பாலம், மணல், கை காட்டினாள்.

நெல் அவள் மனப்பாடத்தில் இல்லை.

நாலு நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில் அது. ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் விடிந்ததும் பாயை விரித்து, பாதி ரோட்டுக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். குழாய்க்குள் திடீரென்று மஞ்சளாக ஏதோ வந்து நிறைந்தது. மணலா, தண்ணீரா, துணியா?

அதே நேரத்தில் குளோரிபெல் வரிசையிலிருந்து விலகி, அவளுடைய இடது பக்கத்துக்கு வந்திருந்தாள். சிரித்துக்கொண்டே எதையோ சொல்ல வந்தாள். "அடியே பெர்லி, நேத்து சலூனுக்கு ஒருத்தன்..."

பெர்லிதா இடது பக்கம் ஒடித்தாள்.

அங்கே ஆள் இருப்பதை அவள் கண் சொல்லவில்லை. காது சொன்னது. காது சொன்னபோது கைப்பிடியும் கைப்பிடியும் மாட்டிக்கொண்டிருந்தன. இரும்பு தேய்ந்தது. பின்னால் யாரோ அலறினார்கள். பெர்லிதா நெல்மேல் விழுந்து சறுக்கினாள். குளோரிபெல் தார் ரோட்டில் விழுந்தாள், வலது முழங்கையைக் கீழே ஊன்றி.

அந்தச் சத்தத்தைப் பெர்லிதா கேட்டாள்.

எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு சிராய்ப்புகூடப் பெரிதாக இல்லை. தலைமுடியெல்லாம் நெல். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் குளோரிபெல்லைத் தேடினாள். குளோரிபெல் ஓர் எட்டு தள்ளித்தான் கிடந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை மூன்று துண்டு, தகடு வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"மனோங், நெல்லு இருந்தது. யாரா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தாள் பெர்லிதா.

ருஃபினோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இந்தாய், இது என்ன?"

"எது?"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பெர்லிதா தலையைத் திருப்பினாள். அவள் காதுக்குப் பக்கத்தில் ருஃபினோ தன் மோட்டார் சைக்கிள் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னாள். சைக்கிளை விடச் சொன்னதையும்.

ருஃபினோ சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "உன் பின்னாடி ஏழு பேர் வந்தாங்க. அதுல நானும் ஒருத்தன்" என்றார். திட்டியிருந்தால் பெர்லிதாவால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் சாயங்காலம் குளோரிபெல்லைப் பார்க்க விட்டார்கள். வலது கை தோளிலிருந்து விரல்வரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது.

"மனோங் சொன்னாரு" என்றாள் குளோரிபெல்.

"குளோரி..."

"கழுகுக் கண்ணுன்னு சொன்னேனே. என்னைப் பார்த்து நீ மனசுக்குள்ள எவ்வளவு சிரிச்சிருப்ப."

"சிரிக்கல. பயந்துக்கிட்டுதான் இருந்தேன்."

"நீ சொல்லியிருந்தா நான் உன் பின்னாடி வந்திருப்பேனா?"

"வந்திருக்க மாட்ட. அதனாலதான் சொல்லல."

குளோரிபெல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கை நேரா நீளாதாம். கத்தரிக்கோலை இனி இப்படித்தான் பிடிக்கணுமாம்." இடது கையால் காற்றில் இரண்டு முறை வெட்டிக் காட்டினாள். கோணல்மாணலாக இருந்தது. அவள் அதைச் சிரிப்பாக்க முயன்றாள், வரவில்லை. "உன் கண்ணு போகுதுன்னு கேட்டப்ப அழுகைதான் வந்தது. அதுக்கப்புறம் என் கையைப் பார்த்தேன். போடி. இப்ப போ."

ருஃபினோ இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்கு வந்தார். கட்டுத்துணி வாங்குவதுபோல வந்து, பெர்லிதாவின் பணத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"உன் பேரை எடுத்துட்டேன்."

"மனோங், முழு விலை கட்டித் தனியாப் போறேன். கடன் வாங்கிக்கிறேன். பக்கத்துல யாரும் வராம..."

"யார் வர்றான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பெர்லிதா பணத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"கடைசியா ஒரே ஒரு தடவை மனோங். அடுத்த வருஷம் எனக்குக் கிடையாது."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். தனியாப் போனாலும் ஒரு கேப்டன் கையெழுத்து வேணும். நான் போட மாட்டேன். இந்தப் பக்கத்துக் கேப்டன்கள் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

ஒரு வாடிக்கையாளர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் இருமிய பிறகுதான் பெர்லிதா அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப ரேஸ்?" என்று கேட்டாள். "எட்டுப் பேர்தானே இருக்கீங்க?"

ருஃபினோ தயங்கினார். "நடக்கும். டெல்ஃபின் வர்றான். அவன் மச்சானும் வர்றான். பெரிய ரேஸ்ல ஃபீஸை மறுபடி ஏத்திட்டானாம்."

பத்து.

போகத் திரும்பியவர் நின்றார். "பாதி விலைக்கு இன்னொரு நிபந்தனை இருக்கு. ரேஸ் ஓடாத ரெண்டு பேரைக் கிளப்பு தண்ணிப் பந்தலுக்கு அனுப்பணும். மத்தவங்க எல்லாருக்கும் அன்னிக்கு வேலை, சின்னக் குழந்தை... குளோரி வர்றேன்னுட்டா. சலூன் மூடித்தானே கிடக்கு. ரெண்டாவது ஆள் கிடைக்கல." அவர் குரல் இறங்கியது. "உன்னைக் கேக்கிறதுக்கு எனக்கு வெக்கமாத்தான் இருக்கு."

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். அந்தப் பகலைப் பார்க்க இனி வேறு வழியே இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சிக்கிஹோரில் அன்றைக்கு விடியும்போதே தூறல். இருட்டுக் கடலில் தொப்பிகள் மிதந்து போவதாகச் சொன்னார்கள். பெர்லிதாவுக்குக் கடல் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் ஒரு துண்டு.

அவர்களுடைய பந்தல் ஓட்டப் பாதையில், ஒரு மாமரத்துக்குக் கீழே இருந்தது. ஒரு மேஜை, தண்ணீர் டிரம், காகிதக் கோப்பைகள், உப்புத் தொட்ட வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளி. மேஜையின் அந்தக் கோடியில் குளோரிபெல். வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் படகில் ஏறியதிலிருந்து அவள் பெர்லிதாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஓட்டக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெர்லிதா ரோட்டோரத்தில் நின்று இரண்டு கைகளிலும் கோப்பைகளை நீட்டினாள்.

காலடிச் சத்தம் வரும். மூச்சு வரும். விரல்களுக்கு நடுவிலிருந்து கோப்பை போய்விடும். அவள் தலையைத் திருப்பும்போது ரோட்டில் ஒரு முதுகு ஓடிக்கொண்டிருக்கும். அல்லது அதுவும் இருக்காது. அடுத்த கோப்பையை எடுத்து நீட்டுவாள்.

"மனாங், இன்னொண்ணு!" என்றது ஓர் இளங்குரல், அக்கா முறை வைத்து. எந்தப் பக்கம் என்று அவள் தேடுவதற்குள் அந்தப் பையனே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டெல்ஃபின் நின்றே குடித்தான். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "செம ரேஸ் பெர்லி! ரோட்டுல ஈ காக்கா இல்ல. சைக்கிள்ல போறப்ப ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை... நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்க" என்றான். சொன்ன பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டான். கோப்பையைக் கீழே போடும் சத்தம். ஓடிவிட்டான்.

ருஃபினோ வந்தார். கோப்பையை வாங்கும்போது அவர் கை அவள் விரல்களை ஒரு கணம் அழுத்தியது. மூச்சு வாங்கிக்கொண்டு போனார்.

தூறல் நின்றது. கடைசியாக ஒரு வெளிச்சம் மேகத்துக்குக் கீழே வந்து ரோட்டை நனைத்தது. அவள் கேட்ட பகல் அதுதான். கிலோமீட்டர் கணக்கில் அது மற்றவர்களின் காலடியில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு கோப்பை அகலத்துக்கு மட்டும்.

மற்றவர்களுக்கு இன்னும் சாயங்காலமாக இருந்தபோதே அவளுக்கு மங்கத் தொடங்கிவிட்டது. முதலில் மாமரம் போனது. பிறகு ரோட்டின் அந்தப் பக்கம். ஒரு நடை வந்தது, தளர்ந்த காலடி, இழுத்து இழுத்து. அவள் கோப்பையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கை வலித்தது. காலடி நின்றதா, கடந்ததா? தண்ணீர் விளிம்பில் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி" என்றாள் இருட்டைப் பார்த்து. "தண்ணி எடுத்துக்கோங்க."

மேஜையின் அந்தக் கோடியில் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கையைக் கீழ போடு பெர்லி" என்றாள் குளோரிபெல். "எல்லாரும் போயாச்சு."